அவசரத்துக்கு யாரைக் கூப்பிட

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ நன்றாக இருந்தது, மேடம். இஞ்சி கொஞ்சம் தூக்கல், எனக்கு அப்படித்தான் பிடிக்கும். சூலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி உங்கள் ஆபீஸுக்கு நடந்து வரும்போது வேப்பமரத்தடியில் ஒரு கடையைப் பார்த்தேன். அங்கேதான் வாங்கியிருப்பார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நீங்கள் நடத்துகிற இந்த விபத்து விசாரணையில் இதுவரை என் பேர் எங்கேயும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நானாகத்தான் வந்தேன்.

என் பேர் மகேஷ்குமார். காசிராஜன் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன். எம். புதுப்பட்டி போகிற வழியில், போன மாதம் பன்னிரண்டாம் நம்பர் ரூம் வெடித்ததே, அதே கம்பெனிதான். இறந்தது ஐந்து பேர். நாலு பேரை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள், பாண்டிலட்சுமி என்கிற அம்மா, மறுநாள்தான் கிடைத்தார். ஏன் மறுநாள் ஆனது என்பதை அறிக்கையில் எழுத முடியாமல் நீங்கள் தவிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை என்னால் சொல்ல முடியும். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெப்சைட் வேலைக்கு வருவதற்கு முன்பு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் பார்த்தேன். காலண்டரில் படம் பொதுதான். முருகன், மாதா, பள்ளிவாசல், குழந்தை, ரோஜாப்பூ. கீழே ஒரு பட்டையை மட்டும் வெறுமையாக விட்டு அடித்து அடுக்கிவிடுவோம். ஆர்டர் வந்த பிறகு அந்தப் பட்டையில் கடைப் பேர் ஏறும். பேரை அந்தப் பட்டைக்குள் உட்கார வைப்பதுதான் என் வேலை. நீளமான பேராக இருந்தால் எழுத்தைச் சுருக்குவேன். அப்படியும் அடங்காவிட்டால் கடைசியில் வருகிற 'அன் சன்ஸ்' என்பதைத் தூக்கிவிடுவேன். ஒரே ஒரு முறை, அப்படித் தூக்கப்பட்ட மகன்களில் ஒருவர் நேரில் வந்து சத்தம் போட்டார். மற்றபடி யாரும் கேட்டதில்லை.

வெப்சைட்டும் அதே வேலைதான். விவரமெல்லாம் உள்ளே ஒரு இடத்தில் இருக்கும். வெளியே தெரிகிற பக்கத்துக்கு டெம்ப்ளேட் என்று பேர், அதில் பேர் வர ஒரு இடம், படம் வர ஒரு இடம் என்று காலியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு. உள்ளே இருப்பதை எடுத்து, அலசி, அடுக்கி, டெம்ப்ளேட்டின் காலி இடங்களில் போய் உட்காருகிற மாதிரி தயார் செய்து அனுப்புகிற கட்டம். அப்படித் தயாராகிற ஒவ்வொன்றையும் வேரியபிள் என்போம். டெம்ப்ளேட்டுக்குச் சொந்த யோசனை கிடையாது, கொடுத்ததைக் காட்டும். யோசனையெல்லாம் நடுவில் உட்கார்ந்து தயார் செய்கிறவனுடையது. எங்கள் தொழிலில் அதுதான் நல்ல பழக்கம். நான் நல்ல பழக்கத்தோடு வேலை செய்கிறவன்.

கம்பெனி கேட்டில் டிவி வைக்கலாம் என்பது அண்ணாச்சியின் யோசனை. அவரை இப்போது எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் அந்த யோசனை நல்ல மனதோடு வந்ததுதான். வேறு ஒரு கம்பெனியில் விபத்து நடந்தபோது உள்ளே யார் இருந்தார்கள் என்றே தெரியாமல் சாயங்காலம் வரை ஜனங்கள் கேட்டில் நின்று அழுததை அவர் பார்த்திருக்கிறார். "வெளிய நிக்கிறவுகளுக்கு உள்ள யாரு எந்த ரூம்ல இருக்காகன்னு தெரியணும் தம்பி. ஒண்ணு ஆகிப்போச்சுன்னா தீயணைப்புக்காரவுக வந்த உடனே பாக்கணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்" என்றார். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பக்கம் செய்தேன். போர்மேன் மணிமுத்து காலையில் ஆட்களை ரூமுக்கு அனுப்பும்போது அவர்கள் பேரைப் போனிலேயே ஏற்றிவிடுவார். அடுத்த நொடி கேட்டில் இருக்கிற டிவியில் அந்த ரூம் நம்பரும், உள்ளே இருப்பவர்களின் படமும் பேரும் வரும். கரண்ட் போனாலும் டிவி அணையக் கூடாது என்று யுபிஎஸ் போட வைத்தது நான்தான்.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் டெம்ப்ளேட்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு படத்துக்கு இடம் விட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பிறகு சீசன் வந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் மேல் ஆர்டர். ரூம்களின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டுச் சாய்ப்பு இறக்கி, அதில் ஐந்தாவதாக ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். டிவியில் ஐந்தாவது படம் தனியாகக் கீழே இறங்கி, பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒற்றையாக நின்றது. அது என் கண்ணை உறுத்தியது. அண்ணாச்சியின் கண்ணை வேறு விதமாக உறுத்தியது.

"என்னப்பா இது, ரூம்ல அஞ்சு பேரு தெரியுது? ஆபீசர் வந்தாகன்னா உள்ளயே போக வேண்டாம், டிவியப் பாத்தே லைசென்ஸத் தூக்கிருவாக."

"அப்ப அஞ்சாவது ஆளை ஏத்த வேண்டாம்னு போர்மேன்ட்ட சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஏத்தாம? சனிக்கிழமை சம்பளம் அதை வச்சுத்தானே போடுறோம். வேலை பாத்தவுகளுக்குக் கூலி குடுக்காம இருக்க முடியுமா? பாவம்ல. உள்ள இருக்கட்டும் தம்பி. வெளிய நாலு தெரிஞ்சாப் போதும்."

இதில் ஒரு நியாயம் இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கிற விவரத்தில் நான் கை வைக்கவில்லை. ஐந்து பேர் வேலை பார்த்தால் ஐந்து பேரும் அங்கே இருப்பார்கள், ஐந்து பேருக்கும் சம்பளம் வரும். நடுவில் தயார் செய்கிற இடத்தில், நாலுக்கு மேல் இருந்தால் நாலை மட்டும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்பு என்று ஒரு வரி சேர்த்தேன். நான் எதையும் அழிக்கவில்லை. காட்டாமல் விடுவது வேறு, அழிப்பது வேறு.

முதலில் கடைசியாக ரூமுக்கு வந்தவரை விட்டுவிடும்படிதான் எழுதியிருந்தேன். ஒரு நாள் பொன்மணி அக்கா தாமதமாக வந்திருக்கிறார். அவர் மகள் காலேஜுக்குப் போகிற வழியில் சோற்று வாளியைக் கொடுக்க வந்தவள், டிவியில் அம்மாவைத் தேடிப் பார்த்திருக்கிறாள். காணவில்லை. "காலைல வேலைக்குன்னுதானே வந்தாக? எங்கம்மா எங்க? எங்கம்மாவ எங்க அனுப்பினீக?" என்று கேட்டில் நின்று ஒரே சத்தம். மணிமுத்து ஓடிப்போய் அந்த அக்காவைக் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் அடங்கினாள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "இந்த மாதிரிச் சண்டை இனிமே வராமப் பாத்துக்கோப்பா" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வேலையாட்கள் ஒவ்வொருவருடைய விவரத்திலும் ஒரு கட்டம் வைத்திருந்தேன். 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட' என்று அதற்குப் பேர். அதில் புருஷன் நம்பரோ மகள் நம்பரோ இருக்கும். சிலருடையது வெறுமையாக இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், யாரும் இல்லாதவர்கள். டிவியில் தன் ஆளைத் தேடி வருகிறவர் யார்? அந்த நம்பருக்குச் சொந்தக்காரர்தான். நம்பரே இல்லாதவரைத் தேடிக்கொண்டு யாரும் கேட்டுக்கு வரப்போவதில்லை. அவர் படம் இல்லையென்றால் யாருக்கும் மனவருத்தம் கிடையாது. எனவே அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பவரை முதலில் விட்டுவிடு என்று எழுதினேன். அதற்குப் பிறகு கேட்டில் ஒரு சண்டையும் வரவில்லை.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, மேடம். அண்ணாச்சி மேல் எத்தனை கேஸ் வேண்டுமானாலும் போடுங்கள். இது மட்டும் என்னுடையது. அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

பாண்டிலட்சுமி அக்காவுக்குப் படம் எடுத்தது நான்தான். சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அது மூடியதும் இங்கே வந்தார். படம் எடுக்கிற நாள் என்று தெரிந்து கத்தரிப்பூக் கலரில் ஒரு சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து வந்திருந்தார். நெற்றியில் பொட்டு மட்டும் இல்லை. நான் வெள்ளைச் சுவரோரமாக நிற்கச் சொன்னேன். "சிரிக்கலாமா தம்பி, கூடாதா?" என்று கேட்டார். ஆதார் படத்தில் சிரிக்க விடவில்லையாம். "சிரிங்கக்கா" என்றேன். வாயை மூடிக்கொண்டே சிரித்தார்.

விவரங்களை ஏற்றும்போது அந்தக் கட்டம் வந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்று கேட்டேன்.

"யாரு இருக்கா? அவுக போய் எம்புட்டோ வருசம் ஆச்சு. ஒரு பிள்ளை இருந்துச்சு, அதுவும் தங்கல."

"அக்கம்பக்கத்துல யாராவது?"

"லைன் வீட்ல இருக்கேன். இன்னைக்கு இருக்கிறவுக நாளைக்கு இருக்க மாட்டாக." கம்ப்யூட்டரில் இருந்த அந்த வெறும் கட்டத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "உங்க நம்பரப் போட்டுக்கோங்களேன் தம்பி. சும்மா கிடக்கிறதுக்கு" என்றார்.

நான் சிரித்தேன். "அது சொந்தக்காரங்க நம்பர்தான்க்கா போடணும்" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்தக் கட்டத்தைச் செய்தவனே நான்தான், எந்த நம்பரையும் அது வாங்கிக்கொள்ளும். ஆனால் ராத்திரி பகல் பார்க்காமல் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களோ என்று ஒரு எரிச்சல். அவ்வளவுதான் காரணம், பெரிதாக ஒன்றும் இல்லை. அவரும் சிரித்துவிட்டு, "அதுவும் சரித்தான்" என்று எழுந்து போனார்.

சீசன் முழுக்க அவர்தான் பெரும்பாலும் ஐந்தாவது ஆள். காலையில் கேட்டைத் தாண்டும்போது எல்லோரும் டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் நிற்பார். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போதும் நிற்பார். ஒரு நாள் நான் கேட்டில் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "என்ன தம்பி, எம் மூஞ்சி வரவே மாட்டேங்குது? அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்? அந்தச் சேலைக்காகவாவது ஒரு தடவ காட்டுங்க" என்றார். கூட வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வரும்க்கா. வரிசையாத்தான் வரும்" என்றேன். மறுநாளும் நின்று பார்த்தார். அதற்கடுத்த நாளும்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், மேடம். நிறுத்த வேண்டாம், சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் கம்பெனியில்தான் இருந்தேன். பில் போடுகிற பக்கத்தில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெடித்தது. முதலில் தரை ஆடியது, அதன் பிறகுதான் சத்தம். மற்ற ரூம்களில் இருந்தவர்கள் கம்பிவேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடினார்கள். போர்மேன் மணிமுத்துவும் ஓடிவிட்டார். முதல் கேஸ் தன் பேரில்தான் விழும் என்று போர்மேன்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி மதுரையில் இருந்தார், விஷயம் தெரிந்ததும் போனை அணைத்துவிட்டார். கம்பெனி ஆள் என்று கேட்டில் நின்றது நான் ஒருத்தன்தான்.

தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதிகாரி உள்ளே வந்ததும் டிவியைத்தான் பார்த்தார். பன்னிரண்டாம் நம்பர் ரூம், நாலு படம், நாலு பேர். அதைப் பார்த்துக்கொண்டு ஆட்களை அனுப்பினார். அண்ணாச்சி ஆசைப்பட்ட மாதிரியே டிவி வேலை செய்தது.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டாம் நம்பரில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது பேர் பாண்டிலட்சுமி. நம்பர்க் கட்டம் வெறுமையாக இருந்தது.

ரூமின் பின்சுவர் அப்படியே தகரச் சாய்ப்பின் மேல் சரிந்து கிடந்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் சாய்ப்பு ஒன்று இருந்ததே தெரியாது. நாலு பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவருக்கும் உயிர் இல்லை. அதற்குள் பதிமூன்றாம் நம்பர் ரூமின் ஓரத்தில் தீப்பிடித்துக்கொண்டது. அதிகாரி என்னிடம் வந்தார். முகமெல்லாம் கரி.

"தம்பி, பன்னெண்டுல நாலு பேருன்னு போட்டிருக்கு. நாலையும் எடுத்தாச்சு. வேற யாரும் உள்ள இருக்காகளா? இல்லைன்னா நாங்க பதிமூணுக்குப் போகணும்."

"டிவில இருக்கறதுதான் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். பதிமூன்றை அணைத்துவிட்டார்கள். அது வெடித்திருந்தால் வரிசையே போயிருக்கும். அவர்களுக்கு நல்ல பேர் கிடைக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். இந்த ஒரு மாதமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேர் என்று சொல்லியிருந்தால் அவர் உடனே டிவியைத் திரும்பிப் பார்த்திருப்பார். ஏன் நாலு காட்டுகிறது என்று கேட்டிருப்பார். நான் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அத்தனை பேர் முன்னால், கரியும் புகையுமாக அந்த நாலு பேரும் பாயில் கிடக்கிற இடத்தில், இந்த வேலையைச் செய்தது நான்தான் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமாம், பயத்தை விட வெட்கம்தான் அதிகம். அந்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் பட்டாசு முதலாளிகள் சங்கத்தில் இன்னும் சில கம்பெனிக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிரஸ்ஸை விட்டு வந்த பிறகு நான் தலை நிமிர்ந்து செய்த முதல் வேலை அது.

தவிரவும், அவர் இறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். நாலு பேர் இறந்த இடத்தில் ஐந்தாவது ஆள் மட்டும் எப்படிப் பிழைத்திருக்க முடியும்?

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நாலு குடும்பம் அழுதது. பொன்மணி அக்காவும் அந்த நாலு பேரில் ஒருவர். அவர் மகள் அந்தச் சோற்று வாளியைக் கையை விட்டு இறக்கவே இல்லை. ஐந்தாவதாக ஒருவரும் வரவில்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். யாராவது ஒருத்தர், லைன் வீட்டுப் பக்கத்து ஆள் யாராவது, அவர் எங்கே என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜேசிபி வந்து சுவரைத் தூக்கியபோது கிடைத்தார். யார் என்று சொல்ல ஆள் இல்லாததால் என்னைத்தான் கூப்பிட்டார்கள், படமெடுத்தவன் என்பதால். போய்ப் பார்த்துச் சொன்னேன். என் பேரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முகத்தில் காயமே இல்லை. டாக்டர் எழுதியது உங்களிடம் இருக்கும். உடனே இறக்கவில்லை, கால் நசுங்கிய நிலையில் சாயங்காலம் வரைகூட உயிர் இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். பேப்பரில் வந்திருந்த அதை நான் முழுதாகப் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருடைய விவரத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தில் என் நம்பரைப் போட்டேன். இப்போது நீங்கள் பார்த்தால் அது இருக்கும். மறைப்பதற்காகப் போட்டதில்லை. அவர் கேட்டது, அதனால் போட்டேன். போட்டதும் கேட்டில் இருந்த டிவியில் அவர் படம் வந்துவிட்டது. கத்தரிப்பூக் கலர் சேலை, கனகாம்பரம். சீல் வைத்த கேட்டில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் யார் இந்த அம்மா, நேற்று இல்லையே என்று கேட்டாராம். இவர் வந்ததில், அன்றைக்குக் கடைசியாக ரூமுக்கு வந்திருந்த பொன்மணி அக்காவின் படம் போய்விட்டது. நாலு என்கிற எண்ணை நான் மாற்றியிருக்கவில்லை. அந்தப் பெண் மறுபடி கேட்டுக்கு வந்து அம்மா படத்தைத் தேடியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கீர்த்திகாவிடம், அவள் என் மனைவி, எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன அதே வரிசையில்தான் சொன்னேன். முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் போனீகளா? அந்த அக்கா சத்தம் எதுவும் கேட்டுச்சா?"

"தகரம் சத்தம்தான் கேட்டுச்சு. சூடு ஆறுறப்ப டக்கு டக்குன்னு கேக்கும்ல, அது" என்றேன்.

அவள் பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு சாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கோபமாக எதுவும் சொல்லவில்லை. சோறு வடித்து வைத்திருந்தாள்.

அவளுக்கு நான் சொன்னது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன், மேடம். இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அதிகாரி என்னிடம் கேட்பதற்கு முன்பு, லேப்டாப்பில் அந்தப் பேரைப் பார்த்த உடனே, நான் ரூமின் பின்பக்கம் போனேன். வண்டி மோட்டார்களின் இரைச்சல் முன்பக்கத்தில் இருந்தது. பின்னால் அவ்வளவு இல்லை. சுவருக்கு அடியில் தகரத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ அதைத் தட்டினார்கள். நான் கிட்டே போனேன். கண்ணாடிச் சில்லோ என்னவோ என் செருப்பில் நொறுங்கியது. தட்டுவது நின்றது.

"யாரு அங்கன?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, என் கட்டம் போட்ட சட்டை இடுக்கில் தெரிந்ததோ என்னவோ, இல்லை வேறு யார் பேரும் அவருக்குத் தோன்றவில்லையோ, மறுபடி கேட்டார்.

"தம்பியா?"

நான் திரும்பி முன்பக்கம் நடந்து வந்தேன். அதிகாரி கேட்டார். டிவில இருக்கறதுதான் சார் என்றேன்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். நான் எதையும் அழிக்கவில்லை என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து பேரும் அப்படியே இருப்பார்கள்.

தாளின் அடியில் ஒரு கட்டம் இருக்கிறதே, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று. அதைத் தாண்டி நீங்கள் போவதைப் பார்த்தேன். கீர்த்திகா நம்பரைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவள் எடுக்க மாட்டாள், எனக்குத் தெரியும். பரவாயில்லை. அதை வெறுமையாக மட்டும் விட்டுவிடாதீர்கள், மேடம்.